சங்கு ஊதியதும் ஒன்றில் வை

நமுனுகுல, கீழ்ப்பிரிவு லயம்
2024 ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

மடத்து வான் வண்டியில் வந்த பெட்டியைப் பிரித்ததும் நான் முதலில் பார்த்தது அதன் பிளக்கைத்தான். இரண்டு தட்டைத் தகடுகள். நம் சுவரில் இருப்பது மூன்று உருண்டை ஓட்டை.

அம்மாவும் நானும் இருக்கிறோம். பனி இன்னும் விடவில்லை, அம்மாவின் இழுப்பும் விடவில்லை. உங்களுக்கு நீர்கொழும்பு வெயில் ஒத்துக்கொள்கிறதா?

கனடாவில் ஒரு வயதான சிஸ்டர் கடைசிவரை இந்தப் பெட்டியில்தான் மூச்சு விட்டார் என்று நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு பெட்டியைத் தடவிப் பார்த்தார். காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்து மூக்குக்கு அனுப்பும் என்று சொன்னதும், மலையில் இல்லாத காற்று பெட்டிக்குள்ளே எங்கேயிருந்து வரும் என்று கேட்டார்.

அடுத்த காம்பிரா ராசம்மா பெரியம்மா தன் மகனுடைய போன் சார்ஜரிலிருந்து ஒரு அடப்டரைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார். "பின்னு மாட்டுனா முடிஞ்சிச்சு. குத்துடி" என்றார். சுவரின் ஓட்டைகள்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டேன். அவருக்குக் கோபம். பிறகு பெட்டியைத் திருப்பி, பின்னால் இருந்த தகட்டை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 115 வோல்ட் என்று போட்டிருந்தது. நம் வீட்டுக்கு வருவது 230. பின்னை மாற்றினால் பெட்டிக்குள் கரண்ட் போகும், போன உடனே எரியும்.

பத்தாம் வகுப்போடு நான் நின்றபோது நீங்கள் அழுதீர்கள். பதுளையில் பஸீல் நானாவின் மோட்டாருக்குக் கம்பி கட்டும் கடைக்கு வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால், நானும் பெரியம்மா சொன்னபடி குத்தியிருப்பேன். அவரிடம் கேட்டு எழுதுகிறேன்.

அம்மா உங்களுக்கு முத்தம் தரச் சொன்னார். கடிதத்தில் எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

தங்கை
சுஜீவா


நவகன்னியர் இல்லம், நீர்கொழும்பு
2024 பெப்ரவரி 11

என் சுஜீவாவுக்கு,

அக்கா நலமே. இங்கே வியர்த்துக் கொட்டுகிறது. நம் மலையின் பனியை ஒரு போத்தலில் அடைத்து அனுப்பினால் வாங்கிக்கொள்வேன். அம்மா இரவில் உட்கார்ந்துகொண்டா தூங்குகிறார், படுக்க முடிகிறதா?

உன் கடிதத்தைத் தலைவி சிஸ்டர் வாசித்துவிட்டுத்தான் தந்தார். எங்களுக்கு மாதம் ஒரு கடிதம்தான், போன் இல்லை என்று உனக்குத் தெரியும். அவர் சிரித்துக்கொண்டே, "உங்க தங்கச்சி ராசம்மாவோட சண்டை போடல்ல, சுவரைத்தான் காப்பாத்தியிருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெட்டி நம் நாட்டுக்குப் பொருந்துமா என்று அவர் கேட்டபோது, என் தங்கை மின்சாரக் கடையில் வேலை செய்கிறாள், பொருந்தும் என்று சொன்னவள் நான். தகட்டை நான் பார்க்கவே இல்லை.

நானாவிடம் வாய் திறந்து கேள். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே.

ஜெபத்தில் உங்கள் இருவரோடும்,
ஜெயந்தினி


நமுனுகுல
2024 பெப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சாய்ந்துகொண்டுதான் தூங்குகிறார். மூன்று தலையணை வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

நானாவிடம் கேட்டேன். வாயால் கேட்கவில்லை, தகட்டில் இருந்ததை ஒரு காகிதத்தில் எழுதி அவர் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். 50/60 என்றும் அதில் இருப்பது நல்ல காலம் என்றார். ட்ரான்ஸ்போமரால் வோல்ட்டைக் குறைக்கலாம் கூட்டலாம், கரண்ட் செக்கனுக்கு எத்தனை முறை துடிக்கிறது என்ற அந்த ஐம்பதையும் அறுபதையும் மாற்ற முடியாதாம்.

பெட்டி இழுப்பது 350 வொட். 500 போதும் என்று நினைத்தேன். நானா தலையை ஆட்டினார். "ஆயிரமாப் போடு புள்ள. மோட்டர் கெளம்புற நேரம் மூணு பங்கு இழுக்கும். சின்னதுல சூடேறி, ஒரு மாசத்துல கம்பி வார்னிஷ் கருகி மணக்கும்." கடையில் ஒரே சுருளில் கட்டிய மலிவான ட்ரான்ஸ்போமர்களும் இருக்கின்றன. நோயாளியின் மூக்கில் குழாய் இருக்கும், அதனால் உள்ளே வரும் கம்பியும் வெளியே போகும் கம்பியும் ஒன்றையொன்று தொடாத இரண்டு சுருளாக இருக்க வேண்டும் என்றார். என்னையே கட்டச் சொன்னார்.

ஆனால் கட்டுவதற்கு முன் வோல்ட் மீட்டரைக் கொடுத்தனுப்பி, மூன்று நாள் வீட்டில் அளந்து வரச் சொன்னார். அளந்தேன் அக்கா. காலை ஐந்து மணிக்கு 168 வோல்ட்தான் வருகிறது. லயத்தில் பன்னிரண்டு வீடு, ஒரே கம்பி, எல்லாருக்கும் அந்த நேரத்தில்தான் ஹொட்பிளேட்டில் ரொட்டியும் தேத்தண்ணியும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆட்கள் போனதும் 235க்கு ஏறிவிடுகிறது. மாலையில் திரும்பவும் 170. எல்லாரும் படுத்த பிறகு 228.

230க்குக் கட்டினால் காலையில் பெட்டி கிளம்பாது. 170க்குக் கட்டினால் பெரட்டுக்குப் பிறகு எரியும். இரண்டுக்கும் இடம் வைத்துக் கட்ட வேண்டும். கம்பி வந்ததும் தொடங்குவேன்.

சுஜீவா


நீர்கொழும்பு
2024 மார்ச் 17

என் சுஜீவாவுக்கு,

நாங்கள் தவக்காலத்தில் இருக்கிறோம், பசியைத் தவிர வேறு நோயில்லை. அம்மாவின் கால் வீக்கம் குறைந்ததா? நீ அதைப்பற்றி எழுதவே இல்லை.

எனக்கு உன் கணக்கு விளங்கவில்லை. ஆனால் லயத்தில் ரொட்டி சுடும் நேரத்தில் பல்பு மஞ்சளாகிப் போவது ஞாபகம் இருக்கிறது. அந்த வெளிச்சத்தில்தான் நான் பரீட்சைக்குப் படித்தேன். அதை நீ இலக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏனோ கண் கலங்கியது.

டிசம்பர் எட்டாம் திகதி கன்னியராக எங்களுக்கு முதல் வார்த்தைப்பாடு. ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் இரண்டு பேர் வரலாம். அம்மாவால் வர முடியும் என்ற நினைப்போடுதான் தினமும் எழும்புகிறேன்.

ஜெயந்தினி


நமுனுகுல
2024 ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

கால் வீக்கம் இருக்கிறது. குறைந்ததும் எழுதலாம் என்று விட்டிருந்தேன். இப்போது குறைந்திருக்கிறது.

ட்ரான்ஸ்போமர் வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு வோல்ட்டுக்கு இரண்டு சுற்று. 340ஆவது சுற்றில் கம்பியை ஒரு முறை வெளியே இழுத்து முடிந்தேன், அது குறைந்த வோல்ட்டுக்கு. பிறகு 460 வரை போனேன். கடையில் யார் வந்து என்ன கேட்டாலும் எண்ணிக்கை தப்பிவிடும் என்று நானாவே ஆட்களிடம், "புள்ள எண்ணிட்டிருக்குது, சத்தம் போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் முழுவதும் யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை.

முன்னால் ஒரு குமிழ் வைத்திருக்கிறேன். ஒன்றில் வைத்தால் கரண்ட் நன்றாக வரும் நேரத்துக்கு. இரண்டு, குறைந்து வரும் நேரத்துக்கு. மாலையிலும் இரவிலும், விடியற்காலையில் இரண்டுக்கும் நானே திருப்புகிறேன். அதைத் திரும்ப ஒன்றில் வைக்கத்தான் யோசனை. ஆறு மணி பஸ்ஸுக்கு நான் போய்விடுவேன், ஆட்கள் பெரட்டுக்குப் போவது ஆறே முக்காலுக்கு. மீட்டரின் முள் அம்மாவின் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பெரட்டுக்கு ஊதும் தொழிற்சாலைச் சங்கு காதுக்குக் கேட்கும். அதனால் மூடியில் பெரிதாக எழுதி, அம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: சங்கு ஊதியதும் ஒன்றில் வை. பத்து நாளாக ஒரு நாளும் தப்பவில்லை.

நானா இன்னும் ஒரு சாமான் போடச் சொன்னார். அது பிறகு.

அம்மா நேற்று படுத்துத் தூங்கினார். ஒரே தலையணை.

சுஜீவா


நமுனுகுல
2024 ஜூன் 9
(அம்மா சொல்ல, சுஜீவா எழுதுவது)

மகளே ஜெயந்தி,

நான் சொல்றத அப்படியே எழுதுன்னு இவகிட்ட சொல்லியிருக்கேன். திருத்தினா எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறா.

நல்லா இருக்கேன் தாயி. பொய் இல்ல. முந்தாநாள் பீலிக்கர வரைக்கும் நடந்து போய் ஒரு வாளி தண்ணி புடிச்சேன். ராசம்மா பாத்துட்டுப் பேய் வருதுன்னு கத்துனா. இந்தத் தங்கச்சி வாய் தொறக்க மாட்டேங்குது, ஆனா அது கட்டுன பெட்டி நாள் பூரா ம்ம்ம்னு பேசிக்கிட்டே கெடக்கு. எனக்குத் தொணை அதுதான்.

முப்பது வருஷம் அந்தச் சங்குக்கு நான் ஓடுனேன். ஒன்ன வயித்துல வச்சிக்கிட்டும் ஓடுனேன். இப்ப அது ஊதுது, நான் படுத்த எடத்துலருந்து கைய நீட்டி ஒரு திருப்பு. மத்தவங்க ஓடுறாங்க. தொர மாதிரி இருக்கு.

டிசம்பருக்கு வருவேன். அந்த நீலச் சாரிய எடுத்து வெயில்ல போட்டாச்சு. நீ கன்னியாஸ்திரி ஆனப்புறம் நான் ஒன்ன சிஸ்டர்னுதான் கூப்பிடணுமாம், ராசம்மா சொல்றா. நான் கூப்பிட மாட்டேன்.

அம்மா
இருதயம்மா


நீர்கொழும்பு
2024 ஜூலை 14

அம்மாவுக்கும் சுஜீவாவுக்கும்,

இந்தக் கடிதத்தை எத்தனை முறை வாசித்தேன் என்று எண்ணினால் சுஜீவாவின் 460ஐத் தாண்டும். அம்மா, சிஸ்டர் என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கவே மாட்டேன்.

சுஜீவா, கோவிலில் மின்வேலைக்கு வரும் ஆளிடம் கேட்டுவிட்டேன். இங்கே நாள் முழுவதும் 230 குறையாமல் வருமாம். முன் வரிசைக்குப் பக்கத்துத் தூணில் ஒரு பிளக் இருக்கிறது. அந்த இடத்தில் இரண்டு நாற்காலி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெட்டியையும் ட்ரான்ஸ்போமரையும் கொண்டுவர வான் அனுப்புவதாகத் தலைவி சிஸ்டர் சொன்னார். எவ்வளவு பாரம் என்று எழுது.

சந்தோஷத்தில் நலம் கேட்க மறந்தேன். சளி, காய்ச்சல் ஒன்றும் இல்லையே?

ஜெயந்தினி


நமுனுகுல
2024 ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ட்ரான்ஸ்போமர் பதினான்கு கிலோ.

இங்கே சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் நடந்தது. இப்போது முடிந்துவிட்டது. மழை. பெட்டியில் ஒரு சின்னப் பழுது, நானா பார்க்கிறார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நல்ல கவனிப்பு, சோதனைக்காகத்தான் வைத்திருக்கிறார்கள். உங்களை வார்த்தைப்பாட்டுக்கு நன்றாக ஆயத்தம் செய்யச் சொன்னார். வேறு விசேஷம் இல்லை.

நீலச் சாரியை மடித்து வைத்திருக்கிறேன்.

சுஜீவா


நீர்கொழும்பு
2024 ஒக்டோபர் 6

என் சுஜீவாவுக்கு,

தனியாக எப்படிச் சமைக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய்? ராசம்மா பெரியம்மா இரவில் உன்னோடு வந்து படுக்கிறாரா?

அம்மாவை அடக்கம் செய்து பதினாறு நாளாகிறது. எனக்குக் கிடைத்தது ஒரு பகல். வந்த வானிலேயே திரும்பினேன். கல்லறையில் நீ என் பக்கத்தில் நின்றாய், ஒரு வார்த்தை பேசவில்லை. உன் வழக்கம் என்று நினைத்தேன். வானில் ஏறும்போது பங்குச் சுவாமிதான் சொன்னார், ஆகஸ்ட் மாதத்திலேயே பெட்டி எரிந்துவிட்டது, அதற்குப் பிறகுதான் அம்மா விழுந்தார் என்று.

வேறு நாட்டுப் பெட்டி. நம் சுவருக்குப் பொருந்தாத பெட்டி. பொருந்தும் என்று சொல்லி வாங்கி அனுப்பியது நான். பெருமைக்காகச் சொன்னேன் சுஜீவா. மடத்தில் எல்லாருக்கும் முன்னால் என் அம்மாவுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும் என்ற பெருமை. அந்தப் பெட்டி வராமல் இருந்திருந்தால் ஆஸ்பத்திரியில் வேறு வழி பார்த்திருப்பார்கள். தூணுக்குப் பக்கத்து நாற்காலிகளை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். இந்தக் கையோடு எப்படி வார்த்தைப்பாடு கொடுப்பது என்று தலைவி சிஸ்டரிடம் கேட்டேன். நவம்பர் கடைசிக்குள் முடிவு சொல்லச் சொன்னார்.

பெட்டி எப்படி எரிந்தது? நீ எழுது.

ஜெயந்தினி


நீர்கொழும்பு
2024 நவம்பர் 3

சுஜீவா,

உன் பதில் வரவில்லை. சுகமில்லையா? நீ எழுதாமல் இருப்பதை நான் ஒரு பதிலாக எடுத்துக்கொள்கிறேன். என்மேல் கோபம் இருந்தால் அது நியாயம்தான். இங்கிருந்து திரும்பி வருவதாகச் சொல்லப் போகிறேன். காம்பிராவில் எனக்கும் இடம் வை.

அக்கா


நமுனுகுல
2024 நவம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குச் சுகம்தான். ராசம்மா பெரியம்மா வந்து படுக்கிறார். சோறு கொடுக்கிறார். உங்கள்மேல் கோபம் இல்லை. ஐந்து முறை எழுதிக் கிழித்தேன், அதனால்தான் பிந்தியது.

பெட்டி நல்ல பெட்டி. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை நான்கு மாதம் அம்மா அதில் படுத்துத் தூங்கினார். ட்ரான்ஸ்போமரும் நல்லது. நானா பிரித்து எண்ணிப் பார்த்தார், ஒரு சுற்றும் பிழை இல்லை.

நானா போடச் சொன்ன இன்னொரு சாமான் என்று ஏப்ரலில் எழுதியிருந்தேன். அது ஒரு கட்-ஓஃப். வோல்ட் கூடினால் தானாகவே கரண்டை வெட்டிவிடும், சின்னச் சோப்புப் பெட்டி அளவுதான். "மேல் தட்டுல ஈக்கிது, ஒண்ட எடுத்து மாட்டிக்கோ" என்றார். ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். மட்டைப்பெட்டி மட்டும் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. கீழே கடை நிறைய ஆட்கள். நானா யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். இல்லை என்று அவரிடம் சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் கொழும்பிலிருந்து எடுப்பித்திருப்பார். எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள், நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று நினைத்தேன். பிறகு சங்கு நன்றாக வேலை செய்தது. அதுவே போதும் என்று விட்டுவிட்டேன். அது அங்கே இருக்கிறது என்றே அவர் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். கட்-ஓஃப் ஏன் மாட்டவில்லை என்று கேட்டதற்கும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் மறந்துவிட்டதாக அவராகவே எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் இருபதாம் திகதி வேலைநிறுத்தம். எல்லாரும் ஆறரைக்குத் தொழிற்சாலை வாசலில் உட்கார வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரியும் அக்கா. பெரட்டுக் களத்தில் கறுப்புக் கொடி கட்டிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு நடந்தேன். வேலை இல்லாவிட்டால் சங்கும் ஊத மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்று மீட்டர் என் பையில்தான் இருந்தது.

பன்னிரண்டு வீட்டிலும் ஹொட்பிளேட்டை அணைத்துவிட்டுக் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெரியம்மா வாசலில் நின்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டுதான் போயிருக்கிறார். குமிழ் இரண்டில் இருந்தது. வோல்ட் ஏறியது. அம்மா சங்குக்காகக் காத்துக்கொண்டு படுத்திருந்தார். பெட்டியின் சத்தம் மாறியபோதும் கையை நீட்டவில்லை. சங்கு ஊதாமல் திருப்பக் கூடாது என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன், முன்கூட்டித் திருப்பினால் பெட்டி நின்றுவிடும் என்று. புகை வந்த பிறகு குழாயைக் கழற்றிவிட்டுத் தவழ்ந்து போய்ச் சுவரில் அணைத்திருக்கிறார்.

பெரியம்மா மத்தியானம் திரும்பி வந்து பார்த்துத்தான் எனக்குப் போன் செய்தார். நான் வந்தபோது அம்மா சுவரோரமாக, பிளக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்ததும், தான் ஏதோ தப்புச் செய்துவிட்டது போல, "சங்கு ஊதலயே தாயி" என்றார்.

ஆஸ்பத்திரியிலும் அதையே இரண்டு முறை சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஊதாது அம்மா, பிழை உங்கள்மேல் இல்லை, என்மேல்தான் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்துக் கட்டில்களில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு மாதம் அங்கே இருந்தார், ஒரு மாதமும் சொல்லவில்லை. உங்களுக்கு எழுத வேண்டாம், பிள்ளை மனசு மாறிவிடும் என்றார். அதை மட்டும் கேட்டு நடந்தேன். அது எனக்குச் சுலபமாக இருந்தது.

நீங்கள் திரும்பி வருவதானால் வாருங்கள், இடம் இருக்கிறது. ஆனால் பெட்டிக்காக வர வேண்டாம். அந்தக் கை உங்களுடையது இல்லை. இந்தக் கடிதத்தைத் தலைவி சிஸ்டர் முதலில் வாசிப்பார் என்று தெரியும். வாசிக்கட்டும். நாற்காலியில் ஒன்றைத் திரும்பப் போடச் சொல்லுங்கள், கூப்பிட்டால் நான் வருவேன்.

சனிக்கிழமையே எழுதி முடித்தேன், தபாலில் போடாமல் வைத்திருந்தேன். இன்று காலை கடையில் நான்கைந்து பேர் நின்றார்கள். ஒருவர் தண்ணீர் மோட்டாரைத் தூக்கி மேசையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் நானாவுக்கு முன்னால் நின்று, "மேல் தட்டுல கட்-ஓஃப் இல்லைங்க நானா. ஏப்ரல்லயே இல்ல" என்று சொன்னேன்.

சுஜீவா